நுனியில் கொக்கி

இருட்டுப் புல உருப்பெருக்கியில்
முதலில் கறுப்பு மட்டும்தான்.
திருகைக் கால் சுற்று திருப்பினால்
ஒரு வெள்ளி இழை நெளியும், நுனியில் கொக்கி.
கேள்விக்குறி மாதிரி. பெயரே அதுதான்,
வைவாவில் கேட்பார்கள் என்றார் கர்வே மேடம்.

பதினான்காம் படுக்கை, கோண்டிபா வாக்மாரே.
கண் மஞ்சள். கெண்டைக்காலைத் தொட்டாலே
பல்லைக் கடிக்கிறார்.
என் அரைகுறை மராத்தியில் கேட்டேன்:
சமீபத்தில் தண்ணீரில் நின்றீர்களா?
மாநகராட்சிச் சாக்கடை ஆள் அவர்.
வலியோடு சிரித்துவிட்டார்.
வேறெங்கே நின்றேன், டாக்டரம்மா?
நான் டாக்டர் ஆக இன்னும் மூன்று வருஷம்.
‘ஆம்’ கட்டத்தில் டிக் அடித்தேன்.

ரத்தம் போனது சனிக்கிழமை.
பாசிடிவ் என்று தாள் வந்தது வியாழன்.
செவ்வாயிலிருந்தே அங்கே வேறொருவர், டெங்கு.
வீட்டுக்குப் போனாரா என்று
சிஸ்டரிடம் கேட்க வாயெடுத்தேன்.
அவள் நரம்பு தேடிக்கொண்டிருந்தாள், இன்னொரு கையில்.

சாயங்காலம் ஹிந்த்மாதாவில் முழங்காலுக்கு மேல் வெள்ளம்.
பஸ் இல்லை.
புதுச் செருப்பு கடித்த குதிகாலில்
எட்டணா அகலத்துக்குத் தோல் இல்லை.
பரேலே இறங்கி நடக்கிறது
எலி வளைகள் கழுவிய தண்ணீரில்,
டிபன் கேரியரைத் தோளில் ஏற்றிக்கொண்டு.
சல்வாரைச் சுருட்டி நானும் இறங்கினேன்.
வெதுவெதுப்பாக இருந்தது, அதுதான் கூசியது.

மூடி கழற்றிய குழியருகே மூங்கில் ஊன்றி
இடுப்பளவில் நின்றிருந்தார் ஒருவர்,
பாஜூலா, பாஜூலா என்று
கூட்டத்தை ஒதுக்கிவிட்டபடி. காலையிலிருந்தாம்.
கம்பூட்ஸ் கழுத்தில் தொங்கின, தண்ணீர் நிறைந்துவிட்டதாம்.

பைக்குள் விட்ட கை
டாக்சிசைக்ளின் அட்டையில் பட்டது.
ஹாஸ்டலில் பங்கு பிரித்தது.
இரண்டே மாத்திரை.
ஒரு ஆளுக்கு ஒரு வேளை.