பெறப்பட்டது

பலகையில் இனி ஒரு குண்டூசிக்கு இடமில்லை.
மலர்க் கண்காட்சி இருபத்திரண்டு, இருபத்து மூன்று.
பட்டமளிப்பு ஒத்திகை காலை எட்டுக்கு,
அங்கியைத் திருப்பித் தராதவர்க்கு முன்பணம் கிடையாது.
ரத்ததான முகாம். பிஸ்கட் உண்டு.
இவற்றின் நடுவே என் தாள்:
தேர்வு விண்ணப்பம், அபராதத்தோடு,
பிப்ரவரி பதினாறு, மாலை ஐந்து வரை.
அதற்குமேல் எந்தக் காரணமும் ஏற்கப்படாது.

'எந்தக் காரணமும்' என்பதைப்
பத்தொன்பது வருடமாகத் தட்டச்சு செய்கிறேன்.
தில்லிப் புகை மூக்குக்குப் பழகியதுபோல
விரலுக்கு அது பழகிவிட்டது.
பதினாறு ஞாயிற்றுக்கிழமை என்பதை
நான் பார்க்கவில்லை,
கையெழுத்திட்ட துணைப் பதிவாளர் பார்க்கவில்லை,
பசை தடவி ஒட்டிய தரம்பாலும் பார்க்கவில்லை.

பதினெட்டு, செவ்வாய், அவள் வந்தாள்.
பெயர் ஷகுஃப்தா. தாவரவியல், இரண்டாம் ஆண்டு.
அக்கா கல்யாணத்துக்குக் குப்வாரா போனவள்
திரும்பும் வழியில் ராம்பனில் மலை சரிந்து
மூன்று இரவு, ஆப்பிள் லாரிகளுக்கு நடுவே
ஒரு சுமோவில் உட்கார்ந்திருந்தாளாம்.
இணையத்தில் எப்போதோ நிரப்பிவிட்டாள்.
அச்செடுத்து இந்தச் சன்னலில் நீட்டினால்தான் கணக்கு.

அத்தாட்சி இருக்கிறதா என்றேன்.
கேட்கத்தான் வேண்டும்,
படிவத்தில் ஒரு கட்டம் அதற்கென்றே காலியாக இருக்கிறது.
கைபேசியைக் கம்பிக்குள் நீட்டினாள்: வெள்ளை.
விரலால் தள்ளினாள்: இன்னொரு வெள்ளை,
ஓரத்தில் ஒரு லாரியின் பின்விளக்கு.
இதை எப்படி 'இணைப்பு அ' என்று
குத்தித் தைப்பது?

அழுதிருந்தால் மறுத்திருப்பேன்.
அழுகைக்கு என்னிடம் ஒரு பதில் தயாராக உண்டு.
அவள் கேட்டது வேறு:
'மேடம், ஞாயிற்றுக்கிழமை
நீங்கள் யாராவது இங்கே இருந்தீர்களா?'

தேதி முத்திரையில் சின்னச் சின்ன ரப்பர் பட்டைகள்.
கட்டைவிரல் நகத்தால் ஒன்றை நெம்பினேன்.
எட்டு. ஏழு. ஆறு.
வேர்க்கடலை உடைகிற சத்தம்தான்.
பெறப்பட்டது.
அபராதம் ஐந்நூறு. சரியாக எண்ணிக் கொடுத்தாள்.

பிறகு சாப்பாட்டு வேளை.
புல்வெளி வெயிலில் ஆரஞ்சு உரித்தபடி
கௌஷிக் சாகிப் மகனின் கனடா விசா கதையை
விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.
பட்டையை முன்னுக்குத் தள்ள மறந்துபோனேன்.
மறந்துபோனேன் என்றுதான்
விளக்கத்திலும் எழுதியிருக்கிறேன்.

மத்தியானம் வந்தார்கள்.
மாவுக்கட்டுக் காலோடு ஒருத்தன்.
ஃபீஸ் பணத்தை அப்பாவின் ஆஸ்பத்திரிக்குக் கட்டிவிட்டு
மறுபடி சேர்த்துக்கொண்டு வந்த ஒருத்தி.
தூங்கிவிட்டேன் மேடம் என்று
உண்மையைச் சொன்ன ஒரு மடையன்.
அவனும் ஞாயிற்றுக்கிழமைக்குள் நுழைந்துவிட்டான்.
மொத்தம் நாற்பத்தொரு பேர்.

மார்ச்சில் தணிக்கைக் குறிப்பு:
அலுவலகம் பூட்டியிருந்த நாளில்
நாற்பத்தொரு விண்ணப்பங்கள் எவ்வாறு பெறப்பட்டன?
ஏழு நாட்களுக்குள் விளக்கம் தருக.
தவறினால் எந்தக் காரணமும் ஏற்கப்படாது.
தட்டச்சு யாரென்று பார்த்தேன்.
காற்புள்ளிக்கு முன் இடம் விடுகிறவர். புதுசு.

ஆறு நாள் பையிலேயே இருந்தது அந்த உறை.
ஏழாம் நாள், நாலு ஐம்பத்தைந்து.
கண்காட்சியில் மிஞ்சிய பெட்டூனியாத் தொட்டிகள்
படிக்கட்டில் தண்ணீரில்லாமல் நின்றன.
பதிவறைச் சன்னலில் ஒரு பையன்,
காதில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது.
உறையை வாங்கினான்,
என்னைப் பார்க்காமல் ஓங்கிக் குத்தினான்,
நகலைத் தள்ளினான்.

மெட்ரோவில் காஷ்மீரி கேட் தாண்டிய பிறகுதான்
மடிப்பைப் பிரித்தேன்.
மை காய்ந்த முத்திரை.
'பெறப்பட்டது' நன்றாகத் தெரிந்தது.
தேதி மட்டும் விழவில்லை.