ஏழில் நிற்காத மின்தூக்கி

ஆண்டுக்கு எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க ஆன்ட்டி?
வங்கிப் பையன் தாளைத் திருப்பி வைக்கிறான்.
நான்கு, ஏழு, பத்து.
ஒரு கட்டத்தில் குறி போட வேண்டும்.

தோ பாயோ பழைய புளோக்கில்
எங்கள் வீடு ஏழாம் மாடி.
மின்தூக்கி ஐந்தில் நிற்கும், ஒன்பதில் நிற்கும்.
இரண்டையும் கூட்டிப் பாதியாக்கிய இடத்தில்
அரிசிப் பையோடு குடியிருந்தோம்.
மீதியைக் கால்தான் கட்டியது.

இரண்டாயிரத்து ஏழில் கையெழுத்திட்டேன்,
மாதம் இருநூறு வெள்ளி.
அவர்கள் தந்த தாளில்
அடிக்கோல் வைத்து இழுத்த கோடு,
அதன் தலையில் ஏழு விழுக்காடு.
அடுத்த தீபாவளிக்குள்
போட்டதில் ஏறக்குறைய பாதியைக் காணோம்.
பரஞ்சோதி தன் பங்கை விற்றுவிட்டு
மூன்று நாள் கோப்பிக்கடையில்
யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.
நான் விற்கவில்லை.
துணிச்சல் என்று எழுதிக்கொள்ளாதே தம்பி.
நிறுத்தச் சொல்லும் படிவம் நான்கு பக்கம்.
இரவு வேலை முடித்து வந்த கண்ணுக்கு
நான்கு பக்கம் ரொம்ப தூரம்.

அடுத்த வருடமே அறுபது ஏறியது.
அவர் வாய் திறக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

நூறு பாதி விழுந்தால் ஐம்பது.
ஐம்பது பாதி எழுந்தால் எழுபத்தைந்து.
சராசரி பூஜ்யம், நட்டமே இல்லை
என்கிறது காகிதம்.
அந்த இருபத்தைந்தை
எந்த மாடியில் போய்த் தேட?

குளிர்பெட்டிக் கதவில்
காந்தத்துக்கு அடியில் பதினேழு வருடக் கணக்கு:
இரண்டு, பதினெட்டு, கழித்தல் பதினான்கு,
ஒன்றுமில்லை, மறுபடி ஒன்றுமில்லை, இருபத்திரண்டு...
ஏழு மட்டும் எந்த டிசம்பரிலும் வீட்டுக்கு வரவில்லை.
மொத்தமாய்க் கூட்டி வகுத்தால்
ஏழுக்குப் பக்கத்தில் எங்கோ நிற்கிறது.
அதில் கட்டணம் அரையைக் கடித்தது.
மீ கோரேங் விலை மூன்றைக் கடித்தது.

பிறகு ஓட்டெடுத்து, சுவர் இடித்து,
எல்லா மாடியிலும் நிற்க வைத்தார்கள்.
ஏழில் கதவு திறந்த முதல் நாள்
பரஞ்சோதி பழக்கத்தில்
ஐந்திலேயே இறங்கிவிட்டார்.
சந்தைக்கு யாரும் ஓட்டெடுக்கப் போவதில்லை.

பையன் பேனாவைத் தட்டுகிறான்.
ஏழில் குறி போடுகிறேன்.
பக்கத்தில் கொஞ்சம் வெள்ளை இருந்தது.
பொடி எழுத்தில் எழுதுகிறேன்:
படியேறி.

அங்கெல்லாம் எழுதினால்
கணினி ஏற்காது ஆன்ட்டி,
என்று புதுத் தாள் எடுக்கிறான்.