உமிக்குள் நூற்றிருபது முட்டை

மேட்டூரை மூடிப் பதினைந்து நாள்.
குடமுருட்டியில் கணுக்கால் தண்ணீர்.
சம்பா அறுத்த வயல்களுக்கு நடுவே
அரிசி இல்லாமல் ஒருநாள் சாப்பிடலாம் என்று
பதினோரு குடும்பங்களை அழைத்தது நான்தான்.

"பாபநாசத்தில் இருந்துகொண்டா?" என்று
சிரித்தாள் ராஜகிரி ஷமீமா.
சிரித்துவிட்டு ஆட்டுக்கால் சூப் தன் பொறுப்பு என்றாள்.

எனக்கு எல்லாருடைய எண்ணும் தெரியும்.
பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
ரத்தம் எடுக்கிற என் அறையில்
காலை ஆறரைக்கு வெறும் வயிற்றோடு
வரிசையில் உட்காரும் முகங்கள்.
கொள்முதல் நிலையத்தில் மூட்டை எடைபோடும்
குஞ்சிதபாதம், இருநூற்று எண்பது.
அவர் மனைவி, சொல்லக் கூடாது.
மகள் உமையாளுக்குப் பதினோரு வயது.
போன மாதம் அவளுடைய தாளை
எண் உள்பக்கமாக மடித்துக் கொடுத்தேன்.
அன்றைக்குத்தான் இது தோன்றியது என்று
சொல்லிக்கொள்ளலாம்.
முட்டை விலை இறங்கியிருந்ததும் ஒரு காரணம்.

சோறு கிடையாது, இட்லி கிடையாது,
பிஸ்கட், சர்க்கரை, பருப்பு எதுவும்.
"வடை?" என்றார் லூர்துசாமி சார்.
"பருப்புதானே சார்."
"ஓ."
அந்த ஓ-வுக்குள்
முப்பது வருடத்து நாலு மணிகள் இருந்தன.

மூன்று செங்கல், அதன்மேல் இரும்புச் சட்டி.
மஞ்சள் தடவிய கெண்டை
நெய்யில் வாலைச் சுருட்டியது.
முருங்கைக்கீரையில் முட்டையை உடைத்து ஊற்றினோம்.
கீறிய தேங்காயைப் பிள்ளைகள்
கையிலிருந்தே பிடுங்கிப்போனார்கள்.
பாதாம் டப்பா மட்டும்
ஷமீமாவின் முந்தானைக்கு அடியில்.

அடுப்பு பற்றவைக்க வைக்கோல்.
உட்கார வைக்கோல்.
நூற்றிருபது முட்டையும் உடையாமல் வர
கூடை நிறைய உமி.
நெல்லை வரப்பிலேயே நிறுத்திவிட்டு
அதன் சட்டையை மட்டும் வாங்கி வந்திருந்தோம்.
யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பிள்ளைகள் என் பக்கம் வரவே இல்லை.
ஊசி அத்தை.
தட்டை நீட்டினாலும்
விரல்களை மடக்கிக்கொண்டுதான் வாங்கினார்கள்.
ஜெஃப்ரின் மீனை வாயில் வைத்துக்கொண்டே
முதுகைக் காட்டாமல் பின்னால் நடந்துபோனான்.

பிறகு கருவேலங்கரையிலிருந்து ஓர் அலறல்.
அகரனின் குதிகாலில் முள், பாதி ஒடிந்து உள்ளே.
அவன் அம்மா எச்சில் தொட்டுப் பார்த்தாள்.
அப்பா பைக் சாவியால் நெம்பப் போனார்.
எல்லாரும் ஒரே நேரத்தில்
என் பையைப் பார்த்தார்கள்.

புது ஊசியைப் பிரித்தேன்.
அவன் காலை என் மடியில் வைத்துக்கொண்டு
எதிர்க்கரை வாத்துகளை எண்ணச் சொன்னேன்.
நாற்பத்தியொன்றில் முள் வந்துவிட்டது.
அவன் நாற்பத்தியேழு வரை எண்ணினான்.
முள்ளைத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டான்.

அதற்கப்புறம்
தினேகாவுக்கும் முள். எங்கே என்று தெரியவில்லை.
தஸ்லிமாவுக்குக் கையில், போன வருடத்து முள்.
ஜெஃப்ரினுக்கு முள்ளே குத்தவில்லை, ஆனால் வலிக்கிறதாம்.
ஒவ்வொரு காலாக மடியில் வந்தது,
ஈர மணலும் மீன் வாசமுமாக.

உமையாள் மட்டும் வரிசைக்கு வரவில்லை.
காலியாகிக்கொண்டிருந்த முட்டைக் கூடையின் பக்கத்தில்
உமியைக் கையால் அளைந்துகொண்டிருந்தாள்.
ஆலை உடைக்காமல் விட்ட ஒன்று
அவளுக்குக் கிடைத்தது.
முழு நெல்.
முன்பற்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு
என்னைப் பார்த்தாள்.

அவள் அப்பா அந்தப் பக்கம்
ஈரப்பதம் பதினேழுக்கு மேல் போனால்
மூட்டையை எடுக்க முடியாது என்று
யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

என்னிடம் எல்லாவற்றுக்கும் பட்டியல் இருந்தது.
ஒற்றை நெல்லுக்கு
எதுவும் எழுதியிருக்கவில்லை.

குனிந்து
ஜெஃப்ரினின் இல்லாத முள்ளைத் தேடினேன்.

கடக்.

முட்டை பதினேழு மீதி.
உமியோடு ஷமீமாவிடம் கொடுத்தனுப்பினேன்.