காலில்லாதவளுக்குக் காலடி

வுப்பர்டாலில் ரயிலும் தரை தொடாது.
ஆற்றுக்கு மேலே இரும்பில் தொங்கிப் போகும்.
அதன் நிழல் விழும் பழைய நாடா ஆலையின் நிலவறையில்
திரையில் நடப்பவர்களுக்குச் சத்தம் செய்கிறேன்.
எலும்பு முறிய செலரித் தண்டு.
நனைந்த கூந்தலுக்குக் கார் துடைக்கும் தோல்.
பனியில் நடக்க, துணிப்பையில் சோளமாவு.

இம்முறை ஜப்பானியப் பேய்.
எண்ணெய் வணிகன் ஒருவன்
மனைவியை வெளியே நிறுத்திக் கதவடைத்த இரவு,
பனி.
அதன்பிறகு அவன் எந்தக் கதவைத் திறந்துவைத்தாலும்
வந்து மெல்லச் சாத்திவிட்டுப் போகிறாள்.
பழைய ஓவியங்களில் இப்படிப்பட்டவர்களுக்கு
இடுப்புக்குக் கீழே புகைதான்.

இயக்குநர் ஹென்றிகே கதையிலிருந்து பேயை எடுத்துவிட்டாள்.
"அவள் அவன் தலைக்குள் மட்டும் நடக்கிறாள்.
கேட்கவும் வேண்டும், கேட்டதா என்றும் இருக்க வேண்டும்."

கோரைப்பாயில் ஈரத் துணியை இழுத்தேன்.
"இது வேலைக்காரி" என்றாள்.
உமியைப் பரப்பி விரலால் கீறினேன்.
"இது எலி."
பதினாறாவது முறை, அலுத்துப்போய்,
காலுறையைக் கழற்றி
வீட்டில் நடப்பதுபோல் நடந்தேன்.

ஹென்றிகே காதொலிப்பானைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள்.
"இதை எங்கே கற்றாய்?"

மூன்றாம் மாடியில்.
வந்த முதல் மாதமே
கீழ்வீட்டு ஃபிராவ் தீஸ்மன் கதவில் ஒட்டிய சீட்டு:
பத்து மணிக்குமேல் உங்கள் கால்கள் கேட்கின்றன.
பதினோரு வருடம்.
சுண்டுவிரல் முதலில், பாதத்தின் ஓரம், குதிகால் கடைசி.
குளிர்பெட்டிக்கு முன்னாலுள்ள பலகையைத் தாண்டவேண்டும், அது முனகும்.
விசில் வருமுன் குக்கரை இறக்கவேண்டும்.
தும்மல் வந்தால் தலையணை.

படம் எங்கள் தெருக்கோடித் திரையரங்குக்கு வந்தது.
முடிந்ததும் மேலங்கியைப் பிடித்தபடி
ஃபிராவ் தீஸ்மன் என்னிடமே சொன்னாள்:
"அந்த நடை! வயிறு சில்லிட்டுவிட்டது.
நீங்கள் பக்கத்திலா இருக்கிறீர்கள்?"
உங்களுக்கு மேலே, என்றேன்.
கொஞ்சம் யோசித்தாள்.
"மேலேயா?
அது எத்தனையோ வருடமாகக் காலி வீடாயிற்றே."

அன்றிரவு பதினொன்றரைக்கு
குளிர்பெட்டிக்கு முன்னாலுள்ள பலகையில்
முழுக் குதிகாலை வைத்தேன்.
முனகியது.
துடைப்பக் கட்டையால் இடிப்பாள் என்று நின்றேன்.

இடிக்கவில்லை.
கீழே ஒரு கதவு
மெல்லச் சாத்திக்கொண்டது.