முப்பத்தொன்றுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவே

லிஃப்ட் பழுது பார்ப்பவனுக்கு
இசை என்றால் ஒரு அலுப்பு.
வெஸ்ட் பே கோபுரங்களில் பகலெல்லாம்
ஒரே பியானோ
சர்க்கரை போடாத பால்போல
தலையில் சொட்டிக்கொண்டிருக்கும்.

நஜ்மாவில் எங்கள் அறை.
ஊருக்குக் கிளம்பிய ரொடெல்
நூற்றிருபது ரியாலுக்குத் தள்ளிவிட்டுப் போன
கையடக்க விளையாட்டுப் பெட்டி.
திரையில் கீறல். இடப்பொத்தான் பாதி நாள் லீவு.
உள்ளே ஒரே ஒரு ஆட்டம்:
கடலடி நகரமொன்றில் ஒரு நத்தை
வாடகை பாக்கி வசூலிக்கிறது.
கதை இன்றுவரை பிடிபடவில்லை.
நான் விழுந்தது காதுவழியாக.

மூன்றாம் கட்டம். பல்மருத்துவர் ஆக்டோபஸ்.
முதலில் சர்ச் ஆர்கன், துக்கவீட்டு நிதானத்தில்.
சரி, சாவுதான் என்று கட்டைவிரலைத் தயார் செய்தால்
பின்னாலிருந்து உறுமி மாதிரி ஒன்று
இழுத்து இழுத்துக் கேலி செய்கிறது.
ஆர்கன் கோபித்துக்கொள்ளவில்லை,
மெல்ல இடுப்பை ஆட்டுகிறது.
அப்புறம் டிஸ்கோ.
அப்புறம் யாரோ வாய் கொப்பளிக்கும் சத்தம்,
தாளம் தப்பாமல்.

எந்தப் பைத்தியம் போட்ட மெட்டு?
ஆட்டம் முடிந்தால் பெயர்கள் ஓடுமாம்.
முடிக்க மனசில்லை.
ஆக்டோபஸ் செத்தால் பாட்டு நின்றுவிடும்.
ஒரு மாதமாக அதையும் சாகவிடாமல்
நானும் சாகாமல்
நத்தையை மூலையில் ஒளித்துவைத்து
போர்வைக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மேல்கட்டிலிலிருந்து நௌபல் எட்டிப்பார்த்தான்.
"அடிக்கவும் மாட்டேங்கிற, ஓடவும் மாட்டேங்கிற,
என்ன ஆட்டம்டா இது?"
இயர்போனில் ஒரு பக்கம் கொடுத்தேன்.
கொப்பளிக்கிற இடம் வந்ததும்
கட்டிலே குலுங்கியது.
மறுநாள் குளியலறையில், பல் துலக்குகையில்,
அதே தாளம். வெளியே ஐந்து பேர் வரிசை.

ஆகஸ்டு. காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும்.
முப்பத்தொன்றுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவே
நின்றுவிட்ட லிஃப்ட்டில் ஓர் ஆள்.
பெட்டியின் தலைமேல் நின்று
பிரேக்கைப் பார்த்துக்கொண்டே
என்னையறியாமல் சீழ்க்கையில் ஆர்கன்.

காலுக்குக் கீழே, தகடுக்கு அடியில்,
யாரோ உறுமியை ஆரம்பித்தார்.

ஸ்பானர் நின்றது.
டிஸ்கோவுக்குப் போனேன்.
அவரும் வந்தார், ஒரு தட்டு முந்தி.
கொப்பளிப்பைச் சேர்ந்தே செய்தோம்.
முப்பத்தோரு மாடி இருட்டு
அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.
வேலைத்தாளில் பதினொரு நிமிடம் என்று எழுதியிருக்கிறேன்.
நாலு நிமிடத்திலேயே பழுது சரியாகிவிட்டது.

கதவு திறந்தால் நேபாளி டீ பையன்.
தட்டில் ஆறு கரக், ஆடை கட்டி.
"ஆக்டோபஸ்?" என்றேன், கழுத்தை அறுப்பதுபோல் காட்டி.
அவசரமாகத் தலையை ஆட்டினான்:
இல்லை, இல்லை.
அவனும் விட்டுவைத்திருக்கிறான்.

ஒரு கோப்பையை என்னிடம் நீட்டிவிட்டு
ஐந்தோடு மேலே போனான்.