நீலக் கோடு

கரூ நிலத்தில் மே மாதம். விடியலில் உறைபனி.
ஜெனரேட்டர் இருமி இருமிப் பற்றிக்கொள்கிறது.
தாழ்ந்த நாற்காலியில் நான்,
இடக்கையில் ஸ்கேன் கோல், வலக்கையில் சாயப் புட்டி.
சினை பிடித்திருந்தால் அப்படியே விட்டுவிடுவேன்.
வயிறு வெறுமையென்றால்
முதுகில் ஒரு நீலக் கோடு.

கருவென்பது திரையில்
இருட்டுக்குள் ஓர் அவரை விதை,
அதற்குள் ஒரு துடிப்பு.
இன்றைக்கு இருட்டு. இருட்டு. மறுபடியும் இருட்டு.
பத்து மணிக்குள் ஒரு புட்டி தீர்ந்தது.

“கிடாய்கள் சும்மா இருக்கவில்லையே”
வேலியில் சாய்ந்தபடி ஹெஸ்டர்.
உண்மைதான்.
ஒவ்வொரு பெட்டையின் பின்புறத்திலும்
கிடாயின் நெஞ்சுக் கட்டி தேய்த்த சிவப்பு;
பதினேழு நாள் கழித்து அதன்மேல் இன்னொரு தேய்ப்பு,
மேலும் பதினேழில் மூன்றாவது.
வெளியே இவ்வளவு எழுதியும்
உள்ளே ஒரு சொல் தங்கவில்லை.

பின்னோக்கி எண்ணுகிறேன்.
ஒரு விந்தணு உருவாக ஏழு வாரம்.
தன் சூட்டுக்குத் தானே அஞ்சித்தான்
உடம்பு விதையை வெளியே தொங்கவிட்டது,
நான்கைந்து பாகை குளிர்ச்சியில்.
“ஜனவரியில் என்ன நடந்தது?”

அவளுடைய குறிப்பேட்டில்
ஒன்பது நாள் ஒரே எண்: நாற்பத்து மூன்று.
ஓரத்தில் பென்சிலில், ‘காற்றாலை சுற்றவில்லை.’

யாஃப்தா தொப்பியைக் கழற்றினான்.
பாவம் பார்த்துக் கிடாய்களைத்
தகரக் கொட்டகையில் அடைத்தவன் அவன்.
நிழல் என்று நினைத்தான். நிழல்தான்.
இரவிலும் ஆறாத நிழல்.
வெளியே வந்தவை தின்றன, முட்டிக்கொண்டன,
கொம்பில் ஒரு கீறல் இல்லை.
வெந்தது கண்ணுக்கு எட்டாத இடத்தில்.
வறடென்று லாரி ஏறப்போவதோ
பெட்டைகள்.

யாரும் பேசவில்லை. அடுத்த ஆட்டைத் தள்ளினார்கள்.
பின்புறத்தில் பச்சை, ஒரே ஒரு தேய்ப்பு.
திரையில் அவரை விதை. துடிப்பு.
அதற்கடுத்ததும் பச்சை. இரட்டை.

“பச்சை யாருடையது?”

கிழிந்த காதுக் கிழக் கிடாயாம்.
முதல் நாளே கொட்டகைக் கதவை இடித்துக்கொண்டு ஓடி,
ஒன்பது நாளும் தொட்டியடியில் கசியும் சேற்றில்
தொடை விரித்துப் படுத்திருந்ததாம்.
அந்த வெயிலில் அதைத் துரத்திப் பிடிக்க
யாஃப்தாவுக்குத் தெம்பில்லை.

“அடங்காத கிடாய் எதற்கென்று
மார்ச்சிலேயே கசாப்புக்குக் கொடுத்துவிட்டேன்”
என்றாள் ஹெஸ்டர், காற்றாலையைப் பார்த்து.
இப்போது அது சுற்றிக்கொண்டிருந்தது.

நான் புதுப் புட்டியைக் குலுக்கினேன்.
உள்ளே கிடக்கும் கோலிக்குண்டு
கடகடத்தது.