அறுபத்துநாலாவது பை

கிரான் பாலம் இன்னும் தண்ணிக்குள்ள.
தோணியில் ஏற்றி, அக்கரையில் இறக்கி,
மறுகா தவேந்திரனின் உழவு இயந்திரப் பெட்டியில்
அடுக்கினோம். அறுபத்துநாலு பை.

வாய்க்கால் இறக்கத்தில் பெட்டி சரிந்தது.
பத்துக் கிலோ அரிசி, பருப்பு, சீனி
சுழியோடு போயிற்று.
"முதலைக்கும் நிவாரணம் குடுத்தாச்சு" என்றான் தவேந்திரன்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முறுத்தானைப் பள்ளிக்கூட விறாந்தையில் பெயர் வாசித்தேன்.
கடைசிப் பெயர் சோதிமலர்.
இடுப்பில் பிள்ளையோடு எழும்பி வந்தாள்.
அடுத்த கிழமை என்று சொல்ல வாய் திறந்தேன்,

அதற்குள் யாரோ சாக்கு விரித்தார்கள்.
"கட்டை அவிழுங்க கா!"
சுண்டுப் பேணி கைமாறிப் போனது,
பைக்கு ஒரு சுண்டு.
கந்தப்போடி மட்டும்
தலைவழித்து அளந்து ஏச்சு வாங்கினார்,
பிறகு ஒரு கை அள்ளிப் போட்டார்.

தூக்கிக் கொடுக்கப் போனால்
நாங்கள் கட்டியதை விடக் கனம்.

இப்போது ஆற்றங்கரையில்
பேனை மூடியைக் கடித்தபடி நிற்கிறேன்.
படிவத்தில் 'குறைவு' என்றொரு கட்டம் கிடக்கு.
ஒன்று என்றாலும் பொய்,
சைபர் என்றாலும் பொய்.

தோணிக்காரன் கூப்பிடுகிறான்.
தாள் நனைந்துகொண்டிருக்கிறது.